கழற்ற முடிந்தால் கழுவலாம்

விசைப்பலகையைச் சுத்தம் செய்வது எப்படி என்று எதைப் படித்தாலும் அதில் செய் என்பது கொஞ்சம், செய்யாதே என்பது நிறைய. தண்ணீரை நேராகத் தெளிக்காதே. அசிட்டோன் கலந்த எதையும் கிட்டே கொண்டுபோகாதே. பிளீச்சிங் வேண்டாம். ஹேர் டிரையரைக் காட்டாதே. ஸ்பேஸ் பாரை ஸ்குரூடிரைவரால் நெம்பாதே. ஒவ்வொன்றுக்கும் தக்க காரணம் உண்டு. பல விசைமூடிகள் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கில் ஆனவை, அசிட்டோன் பட்டால் அது இளகிக் கரையும், சூடு பட்டால் கோணும். ஸ்பேஸ் பாரின் அடியில் அதை இரு பக்கமும் ஒருசேர இறக்கும் கம்பி ஒன்று இருக்கிறது. நெம்பினால் அதைப் பிடித்திருக்கும் கொக்கி ஒடியும். எல்லாம் சரிதான். ஆனாலும் அன்றாடம் கைபடும் வேறு பொருள்களுக்கு இத்தனை தடையுத்தரவு கிடையாது. மிக்ஸியும் மின்சாரத்தில் ஓடுவதுதான். அதன் ஜாரைக் கழற்றிக் குழாயடியில் வைத்துத் தேய்க்க யாரும் கையேட்டைத் தேடுவதில்லை. மோட்டார் ஒரு பக்கம், அழுக்காகும் பாகம் ஒரு பக்கம் என்று அதை வடிவமைத்தவர் முதலிலேயே பிரித்து வைத்துவிட்டார். கணினி விசைப்பலகைகளில் அந்தப் பிரிவினை சிலவற்றில் இருக்கிறது, பலவற்றில் இல்லை. பேச்செல்லாம் துணி, திரவம், தூரிகை என்றே சுற்றிக்கொண்டிருப்பதால் இந்த அடிப்படை கண்ணில் படாமல் போகிறது. நல்ல திரவம் கிடைக்காததால் விசைப்பலகை அழுக்காகக் கிடக்கவில்லை. அதைக் கழற்ற முடிவதில்லை. முடிந்த இடத்திலும் கழற்றும் பொறுப்பு யாரிடமும் இல்லை. நான் சொல்ல வருவது இதைத்தான்.

இப்படிச் சொன்னதும் எதிரே வந்து நிற்பது கிருமி. விசைப்பலகை என்றாலே கழிப்பறையோடு ஒப்பிடும் பழக்கம் இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்தித்தாள்களில் இருக்கிறது. 2002இல் அரிசோனா பல்கலைக்கழக நுண்ணுயிரியலாளர் சார்லஸ் கெர்பா அலுவலகங்களில் நடத்திய ஆய்விலிருந்து, ஒரு சதுர அங்குலத்தில் விசைப்பலகைக்கு 3,295 பாக்டீரியா, கழிப்பறை இருக்கைக்கு 49 என்ற கணக்கு வெளியே வந்தது. அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது கிருமிநாசினி விற்கும் குளோராக்ஸ் நிறுவனம். அதனால் எண்கள் பொய் என்று ஆகிவிடாது. எந்த எண்ணை எதன் பக்கத்தில் நிறுத்தினார்கள் என்று பார்க்க வேண்டியிருக்கிறது. கழிப்பறை இருக்கை வழவழப்பானது, சீக்கிரம் காய்வது, அலுவலகத்தில் அநேகமாக நாள்தோறும் யாரோ ஒருவர் தேய்த்துக் கழுவுவது. எண்ணிக்கை குறைவாக இருக்க எல்லா வாய்ப்பும் உள்ள ஒரு பரப்பைத் தேர்ந்தெடுத்து, அதன் பெயருக்கு இருக்கும் அருவருப்பை மட்டும் கடன் வாங்கிக்கொண்டார்கள். 2008இல் பிரிட்டனின் நுகர்வோர் இதழான ‘விச்?’ லண்டன் அலுவலகம் ஒன்றில் 33 விசைப்பலகைகளைச் சோதித்தது. நான்கு உடல்நலத்துக்குக் கேடாகலாம் என்று கணிக்கப்பட்டன. அவற்றில் ஒன்றில் கழிப்பறை இருக்கையைவிட ஐந்து மடங்கு கிருமிகள். உலகெங்கும் தலைப்பானது அந்த ஒன்றுதான். மீதி 29 விசைப்பலகைகளைப் பற்றி எழுத யாருக்கும் எதுவும் இருக்கவில்லை.

இவற்றைவிட அதிகம் சொல்வது, அதிகம் பேசப்படாத ஓர் ஆய்வு. வட கரோலினா பல்கலைக்கழகத்தின் வில்லியம் ருடாலாவும் அவருடைய குழுவும் 2006இல் வெளியிட்டது. மருத்துவமனையில் பயன்பாட்டில் இருந்த 25 விசைப்பலகைகளை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். மனிதத் தோலில் இயல்பாக வாழும் ஸ்டஃபைலோகாக்கஸ் வகை அத்தனையிலும் இருந்தது; சிலவற்றில் நோய் தரக்கூடியவையும் இருந்தன. பிறகு நோய்க்கிருமிகளைத் தாங்களே விசைகளில் தடவி, குளோரின், ஆல்கஹால், ஃபீனால் என்று வெவ்வேறு கிருமிநாசினிகளால் துடைத்துப் பார்த்தார்கள். எல்லாமே 95 சதவீதத்துக்கு மேல் நீக்கின. ஒப்பீட்டுக்காக வெறும் தூய நீரில் நனைத்த துணியாலும் துடைத்தார்கள். அதுவும் 95 சதவீதத்துக்கு மேல் நீக்கியது. 300 முறை துடைத்த பிறகும் எழுத்து அழியவில்லை, விசை சிக்கவில்லை. கிருமிநாசினி விற்பவருக்கும் பிடிக்காத முடிவு, ‘தொட்டால் கெட்டுவிடும்’ என்று அஞ்சுபவருக்கும் பிடிக்காத முடிவு. கிருமியை அப்புறப்படுத்தும் வேலையில் பெரும்பகுதியைச் செய்வது துடைக்கும் கை. திரவத்தின் பெயருக்கு அதில் பங்கு குறைவு. மேற்பரப்பைப் பொறுத்தவரை விஷயம் இவ்வளவு எளிதாக முடிந்துவிடுகிறது.

அந்தக் கிருமிகள் யாருடையவை என்பதும் முக்கியம். 2010இல் கொலராடோ பல்கலைக்கழகத்தின் நோவா ஃபியரர் குழு, மூன்று பேரின் விசைப்பலகைகளிலிருந்து விசை விசையாக மாதிரி எடுத்து, அவற்றின் பாக்டீரியா மரபணுக்களை விரல்களோடு ஒப்பிட்டுப் பார்த்தது. எந்தப் பலகை யாருடையது என்று பிரித்துச் சொல்ல முடிந்தது. தடயவியலுக்கு உதவும் என்ற நோக்கில் செய்த ஆய்வு அது. நமக்கு அதிலிருந்து கிடைக்கும் செய்தி வேறு: ஒருவர் மட்டும் புழங்கும் விசைப்பலகையில் பெரும்பாலும் வாழ்வது அவருடைய தோலில் ஏற்கெனவே வாழ்வதுதான். அதைப் பார்த்து அவர் பயப்படுவதில் பெரிய பொருள் இல்லை. பலர் தொடுவது வேறு கதை. 2007 பிப்ரவரியில் வாஷிங்டன் நகரத் தொடக்கப் பள்ளி ஒன்றில் நோரோவைரஸ் பரவி நூற்றுக்கும் மேற்பட்டோர் வாந்தி, வயிற்றுப்போக்கில் விழுந்தபோது, வகுப்பறையில் பலரும் பயன்படுத்திய கணினியின் மவுஸிலும் விசைப்பலகையிலும் அந்த வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது. ஆகவே பிரௌசிங் சென்டர், இ-சேவை மையம், பள்ளிக் கணினி அறை, மருத்துவமனை வார்டு ஆகியவற்றின் விசைப்பலகைகளுக்குக் கிருமி என்ற வாதம் உண்மையிலேயே பொருந்தும். வீட்டு மேசைக்கு அதே வாதத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வர முடியாது. கொரோனா காலத்தில் அதுதான் நடந்தது. பரப்பைத் தொட்டுத் தொற்றும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் கீழே என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலில் சொல்வதற்குள், எத்தனையோ விசைப்பலகைகளின் மேல் சானிடைசர் கொட்டப்பட்டுவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் செய்முறைப்படியான சானிடைசரில் கை வறண்டு போகாமலிருக்க 1.45 சதவீதம் கிளிசரால் சேர்க்கிறார்கள். ஆல்கஹால் பறந்துபோன பிறகும் கிளிசரால் விசைக்கு அடியில் தங்கிப் பிசுபிசுக்கும். அடுத்து வரும் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

‘பாதுகாப்பாக’ என்ற சொல்லுக்குள் மூன்று பேரின் நலன் இருக்கிறது: தட்டுகிற விரல், தட்டப்படுகிற இயந்திரம், உத்தரவாத அட்டை எழுதிய நிறுவனம். மூன்றும் ஒத்துப்போவதில்லை. சிறு உதாரணம் ஐசோபுரோபைல் ஆல்கஹால். கிருமியைக் கொல்ல 70 சதவீதக் கரைசல் நல்லது. அதிலுள்ள நீர்தான் ஆல்கஹாலைக் கிருமியின் புரதத்தோடு வினைபுரிய வைக்கிறது, ஆவியாவதையும் தாமதப்படுத்துகிறது. மின்சுற்றுக்கு நல்லது 99 சதவீதம். அதில் நீர் அநேகமாக இல்லை, சட்டென்று பறந்துவிடும். விரலின் பாதுகாப்புக்கு ஒரு புட்டி, இயந்திரத்தின் பாதுகாப்புக்கு இன்னொரு புட்டி. சர்வீஸ் கடைகளில் ஐ.பி.ஏ. என்று கேட்டால் எடுத்துத் தருவது அநேகமாக இரண்டாவது வகை. மூன்றாமவரான உத்தரவாத அட்டைக்காரரோ, யாரும் எதையும் திறக்காமல் இருந்தால் போதும் என்கிறார்.

திறக்காமல் என்ன ஆகிறது என்பதற்கு உள்ளே இருப்பதைப் பார்க்க வேண்டும். மலிவான விசைப்பலகைகள் பெரும்பாலானவற்றில் விசைகளுக்கு அடியில் ரப்பர் குமிழ்கள், அதற்கும் அடியில் மூன்று பாலியெஸ்டர் தாள்கள். மேல்தாளிலும் கீழ்த்தாளிலும் வெள்ளி அல்லது கரி கலந்த மையால் கோடுகள் அச்சிட்டிருக்கும். நடுத்தாளில் விசைக்கு ஒன்றாக ஓட்டை. அழுத்தினால் மேல்கோடு ஓட்டை வழியே கீழ்க்கோட்டைத் தொடுகிறது, எழுத்து விழுகிறது. இந்தத் தாள்களுக்கு இடையே தண்ணீர் புகுந்தால் அதுவாக வெளியே வராது. அந்த நேரத்தில் மின்சாரமும் ஓடிக்கொண்டிருந்தால் வெள்ளிக்கோடு அரிக்கத் தொடங்கும். எனவேதான் முதலில் செருகியைப் பிடுங்கு, லேப்டாப்பை முழுதாக அணை என்கிறார்கள்; உயிருக்கு ஆபத்து என்பதால் அல்ல, யு.எஸ்.பி.யில் வரும் ஐந்து வோல்ட் யாரையும் ஒன்றும் செய்யாது. வெறும் தண்ணீரைவிட மோசம் நம் ஊர்த் தேநீர். சீமையில் குடிக்கும் பாலில்லாத, சர்க்கரை இல்லாத காப்பி சிந்தினால் காய்ந்த பின் கறை மிஞ்சும். இங்கே நீர் வற்றிய பிறகும் சர்க்கரை நிற்கும், பாலின் கொழுப்பும் புரதமும் நிற்கும். சென்னை போன்ற கடலோர ஊரின் ஈரக்காற்றில் அந்தச் சர்க்கரை திரும்பத் திரும்ப ஈரம் வாங்கும். அரிசிப் பானைக்குள் புதைத்து வைப்பவர்கள் எடுக்க நினைப்பது ஈரத்தை. எடுக்க வேண்டியிருப்பதோ சர்க்கரையை, அது கழுவினால்தான் போகும்.

ஆகவே தாள் வரை போக வழி இருக்கும் பலகையில், தேநீர் கொட்டினால்கூடச் செய்ய வேண்டியது திகிலூட்டும் காரியம் அல்ல. மின்னிணைப்பை எடுத்துவிட்டுக் கவிழ்த்துத் தட்டுவது. விசைகளின் வரிசையை ஒரு படம் பிடித்துக்கொண்டு, கம்பிக் கொக்கியால் மூடிகளை நேர்மேலாக இழுத்துக் கழற்றுவது. அவற்றை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து அலசி, ஒரு நாள் முழுக்கக் காயவிடுவது. அடித்தட்டைத் தூரிகையால் கூட்டி, பிழிந்த துணியாலோ ஐ.பி.ஏ. தொட்ட பஞ்சாலோ துடைப்பது. பின்பக்கத் திருகாணிகளைக் கழற்றினால் தாள்களையும் எடுத்து ஒற்றித் துடைக்கலாம். பெரிய விசைகளில் மட்டும் கம்பி இருப்பதால் நிதானம் வேண்டும். இதில் எங்கும் சிறப்பு ரசாயனம் வரவில்லை. வருவதெல்லாம் கழற்றுவது, திரும்பப் பூட்டுவது. அழுத்தப்பட்ட காற்று டப்பாவும் இந்த வழி அடைபட்ட இடத்தில்தான் தேவைப்படுகிறது. காற்று என்ற பெயரில் அதில் அநேகமாக இருப்பது டைஃபுளூரோஈத்தேன் போன்ற வாயு. தீப்பற்றக்கூடியது, டப்பாவைக் கவிழ்த்தால் திரவமாகவே பீறிட்டு விரலை உறைய வைக்கும், போதைக்காக முகர்பவர்களைக் கொன்றும் இருக்கிறது. ரொட்டித் துணுக்கு ஒன்றை வெளியேற்ற இவ்வளவு ஏற்பாடு. நம் சர்வீஸ் கடைகளில் இருக்கும் மின்சார ப்ளோயர் இதைவிட மேல். ஆனால் அதுவும், மூடியைக் கழற்றாமல் அடித்தால், தூசியை ஒரு விசையிலிருந்து அடுத்த விசைக்கு மாற்றிக் குடிவைக்கும்.

தட்டச்சு இயந்திரத்துக்கு இந்தச் சிக்கல் இருந்ததில்லை என்று சொன்னால் பழமை பாராட்டுவதாகத் தோன்றலாம். அழுக்கு அதிலும் சேர்ந்தது, இதைவிட அதிகமாகவே. ரிப்பன் மையும் காகிதத் தூளும் எழுத்து அச்சின் குழிகளை அடைத்துக்கொள்ளும். வேறுபாடு, அந்த அழுக்கு காகிதத்தில் தெரிந்தது என்பதுதான். வட்டமாக விழ வேண்டிய எழுத்து கறுத்த பொட்டாக விழுந்தால், கடிதத்தை வாங்கிய அதிகாரிக்கே தெரிந்துவிடும். தமிழ்நாட்டில் இன்றும் அரசுத் தொழில்நுட்பத் தேர்வுக்குப் பயிற்சி தரும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்களில் தூரிகை ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் கிடப்பது இதனால்தான். சுத்தம் செய்வது தட்டச்சு செய்வதன் ஒரு பகுதி. கணினி அந்தத் தொடர்பை அறுத்துவிட்டது. பலகையில் எவ்வளவு எண்ணெய்ப் பிசுக்கு ஏறினாலும் திரையில் விழும் எழுத்து பளிச்சென்றுதான் இருக்கும். அழுக்கு வேலையின் விளைவில் தன்னைக் காட்டிக்கொள்வதை நிறுத்தியதும், அதைக் கவனிக்கும் கட்டாயமும் போய்விட்டது. விசை ஒரேயடியாக நின்றுபோகும் நாளில்தான் இனி அது செய்தி.

அப்படி நின்றுபோன வரலாறு ஒன்று ஆவணமாகவே இருக்கிறது. 2015 மார்ச்சில் ஆப்பிள் நிறுவனம் புதிய மேக்புக்கை அறிமுகப்படுத்தியபோது, அதன் விசைகளின் அடியில் இருந்த வண்ணத்துப்பூச்சி வடிவப் பொறி, வழக்கமான கத்தரிக்கோல் பொறியைவிட 40 சதவீதம் மெலிது என்று பெருமையோடு சொன்னது. அடுத்த ஆண்டு அது மேக்புக் ப்ரோவுக்கும் வந்தது. விசை கீழிறங்கும் ஆழம் அரை மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கியதால், ஒரு மணல் துகளுக்கு அங்கே இடம் இல்லாமல் போனது. துகள் நுழைந்தால் விசை அமுங்காது, அல்லது ஒரு தட்டுக்கு இரண்டு எழுத்து விழும். 2017இல் கேசி ஜான்ஸ்டன் என்ற பத்திரிகையாளர் எழுதிய பிறகு புகார்கள் பெருகின. நிறுவனம் வெளியிட்ட சுத்தம் செய்யும் குறிப்பு இன்றும் படிக்கத்தக்கது: லேப்டாப்பைச் செங்குத்தாக அல்லாமல் 75 பாகைக் கோணத்தில் சாய்த்துப் பிடிக்க வேண்டும், காற்று டப்பாவால் இடமிருந்து வலமாக அடித்துக்கொண்டு போக வேண்டும், வலப்பக்கம் திருப்பி மறுபடி, இடப்பக்கம் திருப்பி மறுபடி. லட்ச ரூபாய்க்கு மேல் விலையுள்ள கருவிக்கு இது ஏறத்தாழ அபிஷேக முறை. விசைமூடியைக் கழற்றினால் நுண்ணிய கொக்கிகள் ஒடியும் என்பதால் வேறு வழியும் இருக்கவில்லை. காற்றும் உதவவில்லை என்றால் பலகையை மட்டும் மாற்ற முடியாது. அது மேலுறையோடு இணைக்கப்பட்டிருந்தது. மேலுறையில் பேட்டரி ஒட்டப்பட்டிருந்தது. மூன்றும் சேர்ந்தே மாற்றப்பட்டன. ஒரு துகளின் பழிக்கு ஒரு நல்ல பேட்டரி போனது.

2018 ஜூனில் நான்கு ஆண்டு இலவசப் பழுதுநீக்கத் திட்டம் வந்தது. அடுத்த மாதம் வந்த மாடலில் ஒவ்வொரு விசைக்கு அடியிலும் மெல்லிய சிலிக்கோன் சவ்வு இருப்பதை ஐஃபிக்ஸிட் நிறுவனத்தார் பிரித்துக் காட்டினார்கள். தட்டும் ஓசையைக் குறைத்திருப்பதாக ஆப்பிள் வெளியே சொல்லிக்கொண்டிருந்தபோது, பழுதுபார்ப்பவர்களுக்கான அதன் உள்ளாவணம் அந்தச் சவ்வு தூசி புகாமல் தடுப்பதற்கு என்றது. 2019 இறுதியில் பழைய கத்தரிக்கோல் பொறிக்குத் திரும்பத் தொடங்கி, 2020இல் வண்ணத்துப்பூச்சியை முழுதாகக் கைவிட்டார்கள். 2022இல் கலிஃபோர்னியாவில் நடந்த கூட்டு வழக்கைத் தவறை ஒப்புக்கொள்ளாமலே 5 கோடி டாலருக்கு முடித்துக்கொண்டார்கள். இந்த வரலாற்றை ஒரு நிறுவனத்தின் சறுக்கலாக மட்டும் படிப்பது எளிது. நான் படிப்பது இப்படி: அந்தப் பலகையைப் பயன்படுத்தியவர்கள் யாரும் அழுக்கானவர்கள் அல்ல. சுத்தமாக வைத்திருக்கும் சாத்தியத்தைப் பொருளிலிருந்து நீக்கிவிட்டு, சுத்தமாக வைத்திருக்கும் கடமையை மட்டும் அவர்களிடம் விட்டிருந்தார்கள்.

மெலிதாக வேண்டும் என்று கேட்டது நாம்தானே என்பார்கள். கடையில் இரண்டு லேப்டாப்பை வைத்தால் பலர் மெல்லியதைத்தான் தொட்டுப் பார்க்கிறார்கள், உண்மை. ஆனால் மெலிவு கண்ணுக்குத் தெரிகிறது. கழற்ற முடியாமை வாங்கும் நாளில் தெரிவதில்லை. தெரியாத ஒன்றைச் சம்மதித்து வாங்கியதாகச் சொல்வது சரியான கணக்கு ஆகாது. இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. முழுக்க மூடியதுதான் நல்லது, உள்ளே ஒன்றுமே புகாவிட்டால் கழற்றும் தேவை எங்கே வருகிறது என்பது. மருத்துவமனைகளுக்கென்று இடுக்கே இல்லாத சிலிக்கோன் பரப்புள்ள பலகைகள் இருக்கின்றன. துடைக்கும் நேரம் வந்தால் விளக்கு மினுக்கி நினைவூட்டுபவையும் உண்டு. 2012இல் லாஜிடெக் நிறுவனம் தண்ணீரில் அமிழ்த்திக் கழுவக்கூடிய விசைப்பலகை ஒன்றை விற்றது, அடியில் நீர் வடிய ஓட்டைகளோடு. இவற்றை நான் ஏற்கிறேன். இவை என் வாதத்துக்கு எதிரானவையும் அல்ல. அழுக்கு எங்கே சேரும், அது எப்படி வெளியே போகும் என்ற கேள்விக்கு இவற்றை வடிவமைத்தவர்கள் பதில் வைத்திருக்கிறார்கள். திங்க்பேட் லேப்டாப்களில் சிந்திய நீர் மதர்போர்டுக்குப் போகாமல் அடிப்பக்கம் வடியக் குழாய்வழி வைத்ததும் அதே வகையான பதில். முழுக்க மூடியதற்கும் முழுக்கத் திறப்பதற்கும் தனித்தனி நியாயம் இருக்கிறது. துகள் உள்ளே போகலாம், விரல் உள்ளே போகக்கூடாது என்ற இரண்டும்கெட்ட நிலைக்குத்தான் நியாயம் எதுவும் இல்லை.

பழைய பலகைகளின் ரசிகர்கள் இந்த இடத்தில் ஐ.பி.எம்.மின் மாடல் எம்மைக் கொண்டுவந்து வைப்பார்கள். 1985இல் உற்பத்திக்கு வந்த அது இரண்டு கிலோவுக்கு மேல் எடை, விசைக்கு அடியில் வளைந்து மடங்கும் வில், கையாலேயே உருவி எடுக்கக்கூடிய மூடிகள். நாற்பது ஆண்டு கழித்தும் வேலை செய்பவை உண்டு. பாராட்டுக்குரியதுதான், ஆனால் பாராட்டுரையில் ஒன்று விடுபட்டுவிடுகிறது. அதன் உள்தட்டுகளைச் சேர்த்துப் பிடிப்பவை திருகாணிகள் அல்ல, உருக்கி அமுக்கிய பிளாஸ்டிக் குமிழ்கள். காலப்போக்கில் அவை ஒவ்வொன்றாக ஒடிகின்றன. தேநீர் தாள் வரை இறங்கிவிட்டால், அந்தக் குமிழ்களைச் சீவாமல் உள்ளே போகவே முடியாது. உடைமையாளர்கள் குமிழ் இருந்த இடமெல்லாம் துளையிட்டுச் சிறு போல்ட் நட்டுகளை மாட்டிக்கொள்கிறார்கள். அதன் பிறகே அது முழுதாகக் கழற்றக்கூடிய பொருளாகிறது. அந்தக் காலம் பொற்காலம் என்ற கதைக்கு இது ஒத்துவராது. கழற்ற முடிவதும் முடியாததும் காலத்தைப் பொறுத்ததாக எப்போதும் இருந்ததில்லை. தொழிற்சாலையில் ஒரு திருகாணியை முறுக்கும் நொடியை மிச்சம் பிடிப்பதா வேண்டாமா என்று ஒருவர் எடுத்த முடிவைப் பொறுத்தது.

பொருள் இடம் கொடுத்தாலும் ஆள் வேண்டுமே. அலுவலகங்களில் தரை நாளுக்கு இருமுறை துடைக்கப்படுகிறது, கண்ணாடிக் கதவின் கைரேகைகள் உடனுக்குடன் மறைகின்றன, விசைப்பலகை மட்டும் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கிறது. ஹவுஸ்கீப்பிங் ஊழியர் மேசையைத் துடைக்கும்போது பலகையை நகர்த்தி அடியில் துடைத்துவிட்டு அப்படியே திரும்ப வைப்பார். கம்ப்யூட்டரைத் தொடாதே என்பது அவருக்குச் சொல்லப்பட்டிருக்கும் விதி. பலகையில் நாளெல்லாம் தட்டுபவருக்கு, சுத்தம் செய்வது தன் வேலை என்று தோன்றுவதில்லை. ஐ.டி. பிரிவு, விசை செத்த பிறகு புதியது ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போகும். துடைக்கத் தெரிந்தவருக்குத் தொட உரிமை இல்லை; தொட உரிமை உள்ளவருக்குத் துடைப்பது கௌரவக் குறைவு. இதை நிர்வாகக் குறைபாடு என்று சொல்லிக் கடந்துபோகலாம். ஆனால் சுத்தம் செய்வது யார் வேலை என்ற கேள்வி இந்த நாட்டில் வெறும் வேலைப் பங்கீடாக ஒருபோதும் இருந்ததில்லை. எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று ஒருவருக்கு விதிக்கும் பழக்கம் கணினிக்கு முன்பே இங்கே நன்கு வேரோடியது. கணினி அதற்குப் புதிதாக ஒரு சாக்கைக் கொடுத்திருக்கிறது, ‘நுட்பமான பொருள்’ என்று. நீரில் நனைத்துப் பிழிந்த துணி போதும் என்று ஆய்வே காட்டிய ஒரு வேலைக்கு எந்த நுட்பமும் தேவையில்லை. ஆண்டில் ஒரு நாள், ஆயுத பூஜைக்கு முந்தின நாள், இந்த விதி தளர்கிறது. எல்லோரும் தத்தம் பலகையைத் துடைக்கிறார்கள். மறுநாள் அதன்மேல் சந்தனமும் குங்குமமும் வைக்கப்படுகின்றன. குங்குமம் நுண்ணிய தூள் என்பதையும் விசைகளுக்கு இடையே இடைவெளி இருப்பதையும் யாராவது ஒரு சுற்றறிக்கையில் சொன்னால் நல்லது.

கடைசியாக, மலிவு. ஐந்நூறு ரூபாய்க்குள் புதிய விசைப்பலகை கிடைக்கிறது, அரை நாள் செலவழித்துக் கழுவுவது முட்டாள்தனம் என்பவர்கள், தம் அரை நாளின் மதிப்பை வைத்துச் சொல்கிறார்கள். அவர்களுக்கு அது சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்தப் பலகைக்குள் ஒட்டிக்கிடக்கும் பிளாஸ்டிக், ரப்பர், வெள்ளி மை, பாலியெஸ்டர் ஆகியவற்றைப் பிரித்தெடுக்கும் செலவு அந்த ஐந்நூறில் இல்லை. அது வேறு யாருடைய கைக்கோ போகிறது. தவிரவும், இந்த வாதம் மேசைக் கணினியோடு நின்றுவிடுகிறது. லேப்டாப்பில் விசைப்பலகை என்பது தூக்கிப்போட்டு வாங்கும் தனிப்பொருள் இல்லை. இந்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கான சட்டகம் ஒன்றை வகுக்க 2022 ஜூலையில் குழு அமைத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் அதற்கான இணையதளமும் திறக்கப்பட்டது. உதிரிபாகமும் கையேடும் கிடைக்க வேண்டும் என்பதே அங்கே முதன்மைப் பேச்சு. சுத்தம் செய்ய வழி வேண்டும் என்ற கோரிக்கை அந்தப் பேச்சில் ஏறவில்லை. ஏற வேண்டும் என்பேன், ஏனென்றால் பழுதாவதற்கு முந்தைய படி அது. தூசியை எடுக்கும் வழி இருந்திருந்தால் பாதிப் பழுதுகள் பழுதாகவே ஆகியிருக்காது.

திறந்தால் உடைத்துவிடுவார்கள் என்று நிறுவனங்கள் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அந்த உண்மை எங்கிருந்து வருகிறது என்பதைச் சென்னை ரிச்சி தெருவில் பார்க்கலாம். மாடல் எண்ணைச் சொன்னால் லேப்டாப் விசைப்பலகை அங்கே தனியாகக் கிடைக்கும், மேலுறையோடுதான் மாற்ற முடியும் என்று நிறுவனம் சொல்லும் மாடல்கள் பலவற்றுக்கும். பழைய பலகையைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் குமிழ்களை மெக்கானிக் ஒவ்வொன்றாகச் சீவி எடுப்பார். புதியதை வைத்து, மிஞ்சிய பிளாஸ்டிக்கைச் சால்டரிங் அயர்னின் நுனியால் உருக்கி அமுக்குவார். அப்படிச் செய்த பலகையில் சில சமயம் நடுவிலுள்ள விசைகள் தொய்ந்து அமுங்கும். பார்ப்பவர் மெக்கானிக்கின் கையைக் குறை சொல்வார். பழைய திங்க்பேட் மாடல்களில் அதே வேலைக்கு அடிப்பக்கம் சில திருகாணிகளைக் கழற்றினால் போதும், பலகை மேலே வந்துவிடும். எந்தத் திருகாணிகள் என்று காட்ட அவற்றின் பக்கத்திலேயே குட்டியாக ஒரு விசைப்பலகைப் படம் பொறித்திருக்கும்.